சீம்பால் இருக்க சர்க்கரைத் தண்ணீர் எதற்கு?

கே: பிறந்த பேரனுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கக் கூடாது என்கிறார் நர்ஸம்மா. அந்தக் காலத்தில் வைத்தோமே?
(ஒரு பாட்டி, அரும்பாவூர்)

ப: பாசத்தோடுதான் வைத்தீர்கள், அம்மா. ஆனால் நர்ஸம்மா பக்கமே நான். குடலின் உட்சுவர் உங்களுக்கும் எனக்கும் ஒரே ஒரு செல் கனம்தான். நம்முடையதில் அந்தச் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பூட்டிக்கொண்டுவிட்டன. பேரனுக்கு அந்த வேலை இன்னும் நடக்கிறது. வயிற்றில் அமிலமும் குறைவு. சர்க்கரைத் தண்ணீரோடு கிருமி போனால் தடுக்க ஆளில்லை. சீம்பாலில் செல்களை வளர்க்கும் பொருளும் உண்டு, கிருமியைச் சுவரில் ஒட்டவிடாத ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதமும் உண்டு. மஞ்சளாக, கொஞ்சமாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடச் சொல்லுங்கள்.

கே: சரி, தேன்?
(அதே பாட்டி)

ப: ஒரு வயதுவரை ஒரு துளியும் வேண்டாம். நரம்பை முடக்கும் பாட்டுலிசம் கிருமியின் வித்து தேனில் இருக்கலாம். நம் குடலின் நல்ல கிருமிகள் அதை முளைக்கவிடாது. பச்சைக் குழந்தைக்கு அந்தக் காவல் இன்னும் வரவில்லை.

கே: கழுதைப்பால் ஒரு சங்கு புகட்டினால் குரல் இனிமையாகுமாமே?
(குன்னம் வாசகர்)

ப: கழுதையும் அந்தப் பாலைக் குடித்துத்தான் வளர்ந்தது.

கே: கன்றுக்கு அன்றைக்கே சீம்பால் கொடுக்காவிட்டால் தேறாது என்கிறார் கால்நடை டாக்டர். மனிதக் குழந்தைக்கும் அப்படியா?
(ஒரு விவசாயி, பூலாம்பாடி)

ப: கன்றுக்கு அவசரம் இன்னும் அதிகம், ஐயா. பசுவின் நஞ்சுக்கொடி வழியே எதிர்ப்புப் புரதம் கன்றுக்குப் போவதில்லை. சீம்பாலில் உள்ளதைக் கன்றின் குடல் ஏறக்குறைய ஒரு நாள்தான் முழுசாக உள்ளே விடும். பிறகு கதவு சாத்திவிடும். நம் பிள்ளைக்குக் கருவிலேயே ரத்தத்தில் பங்கு வந்துவிடுகிறது. பாலில் வருவது பெரும்பாலும் குடலுக்குள்ளேயே நின்று காவல் காக்கிறது.

கே: தாய்ப்பாலில் எங்கள் ஊர்க் கிருமிக்கும் மருந்து இருக்குமா?
(ஒரு மாணவி, வேப்பந்தட்டை)

ப: இருக்கும்! இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தாயின் குடல் சந்திக்கும் கிருமியை அடையாளம் கண்ட நோய் எதிர்ப்புச் செல்கள் ரத்தத்தில் பயணம் செய்து மார்புக்கு வந்து, அதே கிருமிக்கான ஐ.ஜி.ஏ.வைப் பாலில் சேர்க்க வைக்கின்றன. பச்சைமலை அடிவாரத்தில் தண்ணீர் குடிக்கிற தாயின் பாலுக்கு அந்தத் தண்ணீரின் கிருமி தெரியும். டப்பாப் பாலுக்கு எந்த ஊரும் தெரியாது.

கே: குறைமாதப் பிள்ளை. தாய்க்குப் பால் ஊறவில்லை. டப்பாதானே வழி?
(ஒரு தந்தை, செந்துறை)

ப: தாய்ப்பால் வங்கி உண்டா என்று முதலில் கேளுங்கள், தம்பி. குறைமாதக் குடல் இறுகக் கூடுதல் நாளாகும். குடல் அழுகும் ஆபத்து தாய்ப்பாலில் குறைவு. 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கிய வங்கிதான் ஆசியாவின் முதல் வங்கி. தமிழக அரசு மருத்துவமனைகளிலும் வங்கிகள் உண்டு.

கே: ஆறு மாதம் தாண்டினால் கவலை இல்லைதானே?
(அங்கன்வாடி ஊழியர், ஜெயங்கொண்டம்)

ப: அப்போதுதான் தண்ணீரும் சோறும் உள்ளே வருகின்றன. வேலூர் சி.எம்.சி.யில் பேக்கர், மாத்தன் குழுவினர் இறந்தவர்களின் சிறுகுடலை ஆராய்ந்து 1969-ல் எழுதினார்கள். பிறக்கும்போது நம் குழந்தைகளின் குடலில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளும் விரல்போல ஒல்லியாகவே இருக்கின்றன. வளர வளரத்தான் இலைபோல அகன்றுவிடுகின்றன. குறை பிறப்பில் இல்லை. அசுத்தமான சூழலில் ஓயாமல் வந்து மோதும் கிருமிகள்மேல்தான் சந்தேகம். எனவே 6, 10, 14-ஆம் வாரங்களில் வயிற்றுப்போக்குக் கிருமியைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து தவறியதா என்று உங்கள் பதிவேட்டைப் பாருங்கள். மையத்தில் தண்ணீரைக் கொதிக்க வைக்க கேஸ் போதவில்லை என்றால் இன்றைக்கே மேலிடத்துக்கு எழுதிக் கேளுங்கள்.