மொதலாளிக்குத் தொணை வேணுமாமா!

மருமகனே, காசிக்குப் போகோணும்னு ஆசையாமா, கூட வர ஆள் இல்லையாமா. ஊட்டுக்காரி முட்டி வலின்னு சொல்லிப்போட்டா. மகனுக்கு எக்ஸ்போர்ட் ஆர்டரு தலைக்கு மேல கெடக்குது. டிரைவர் பையனுக்கு வடக்க ரோடு தெரியாது. அதனால நீ கட்டல்ல சாஞ்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்துட்டு இருக்கறயாமா. நல்லா இருக்குது நாயம். 63 வயசாச்சு, காலமெல்லாம் விசைத்தறி ஓட்டி ஊரு ஊராக் காடாத் துணி அனுப்பின ஆம்பளை. எதுக்கும் பால்வாடியில கேட்டுப் பாரு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆயாள அனுப்பினாலும் அனுப்புவாங்க.

வழி தவறிப் போயிருமோன்னா உனக்குப் பயம்? இல்ல கண்ணு, உன்னத் தூக்கி வளத்தவ நானு. பல்லடம் பஸ் ஸ்டாண்டுல நீ கால் வெச்சா டீக்கடைக்காரன் ‘வாங்க மொதலாளி’ங்கறான், பேக்கரியில சேரத் தொடச்சுப் போடறாங்க. ஈரோடு தாண்டிட்டா அந்த மொதலாளிய எந்த நாயும் சீண்டாது. அதுதான் உனக்கு அடிவயித்தக் கலக்குது. கூலி ஒசத்தோணும்னு கலெக்டராபீஸ்ல மேசையத் தட்டிப் பேசினவன் நீ. கண்டக்டர்கிட்ட ‘எங்கீங்க எறங்கோணும்’னு கேக்கறதுக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்குது. கேட்டா, தெரியாதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமல்ல!

எங்களப் பாரு. 2021 மே மாசம், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குக் காசு வேண்டாம்னு அரசாங்கம் சொன்னப்ப நீ சிரிச்ச. சிரிச்சுட்டுப் போ. அதுக்கு முந்தி நானும் ஊட்டு ஆம்பளைங்க சட்டைப்பையப் பாத்துத்தான் வாசப்படி தாண்டினவ. பஸ்ஸுக்குக் காசு கேட்டா எங்க, எதுக்கு, எப்ப வருவேன்னு கேள்வி வரும். காசு வேண்டாம்னு ஆன பொறவு கேள்வியும் நின்னுபோச்சு. மொதல்ல திருப்பூருக்குக் கண்ணு காட்டப் போனேன். பொறவு அவிநாசிக் கோயிலு. பொறவு எதுக்குன்னே இல்லாம, சும்மா. பனியன் கம்பெனிக்கு செக்கிங்குக்கும் கைமடிக்கும் போற புள்ளைங்க நடுவுல ஒக்காந்து ஊர்க்கதை கேட்டுட்டே போவேன். மாநிலத் திட்டக்குழு ஆய்வு பண்ணி, ஒரு பொம்பளைக்குச் சராசரியா மாசம் 888 ரூபா மிச்சமாகுதுன்னு கணக்குச் சொல்லுச்சு. சரிதான். சன்னலோரம் ஒத்தையா ஒக்காந்து வர்றதுக்கு என்ன வெலைன்னு அந்தக் கணக்குல எழுதல.

சின்னதுல ஔவையாரு கதை சொன்னாத்தான் நீ தூங்குவ. கல்யாணம் வேண்டாம், ஊரு சுத்தோணும்னு புள்ளையாருகிட்ட மன்றாடி நரையையும் கோலையும் வாங்கிட்டாளாம். அவ வேண்டி வாங்கினது உனக்கு வேண்டாமயே தலையில வந்து நிக்குது. நீ அதுக்குக் கருப்பு மை பூசிட்டு இருக்கற.

‘அங்க இந்திதான் பேசுவாங்க அத்தை’ங்கற. சரி, உன்ற தறிக்குடோன்ல ராத்திரி ஷிப்டு ஓட்டறது ஆரு? ஒடிசா, பீகாரு, ஜார்க்கண்டுன்னு வந்த பசங்க. ஒருநா விடியக்காத்தால திருப்பூரு டேசன்ல போயி நின்னு பாரு. செல பேரு கூட்டமா எறங்குவாங்க, செல பேரு ஒத்தையா. தோள்ல ஒரு பையி, கையில ஒரு போனு. போர்டுல இருக்கற தமிழெழுத்து அவனுக்கு வாசக்கோலமாட்டத்தான் தெரியும். ரண்டு ராத்திரி ரயில்ல வந்திருப்பான், முன்பதிவு இல்லாத பெட்டியில பாதி தூரம் நின்னுட்டே. அப்படி வந்தவன் இங்க அறுந்த நூல் கட்டக் கத்துக்கிட்டான், புரோட்டாவுக்கு இன்னுங்கொஞ்சம் சால்னான்னு கேக்கவும் கத்துக்கிட்டான். அவனுக்கு வராத பயம், பேங்கில பணத்தப் போட்டு வெச்சிருக்கற உனக்கு வருது! அவன் பக்கத்துலயே போயி ஒக்காரு. தண்ணி எங்க, கக்கூசு எங்க, இது என்ன வெலைன்னு மட்டும் அவன் பாசையில கேட்டுப் பழகு. தொழிலாளிகிட்ட மொதலாளி பாடம் படிக்கறதான்னு மொகம் சுண்டுதல்ல? அந்தச் சுண்டலு போனாலே பாதிக் காசி வந்துரும்.

அறநிலையத்துறைக்காரங்க 60லேர்ந்து 70 வயசுக்குள்ள இருக்கறவங்கள ராமேசுவரத்துலேர்ந்து காசிக்குக் கூட்டமாக் கூட்டிட்டுப் போறாங்க. வசதியில்லாதவங்களுக்கு அது புண்ணியம். நீ அதுல நொழைஞ்சா, ரயிலு கெளம்பறதுக்குள்ள தலைவராயி எல்லாத்தையும் வரிசையில நிக்க வெச்சிருவ. உனக்கு அது ஆகாது.

எடுத்தவுடனே காசி வேண்டாம். கார் சாவிய ஆணியில மாட்டிட்டு திருப்பூருக்கு டவுன் பஸ்ஸுல போயிட்டு வா, 15 கிலோமீட்டருதான். நீ காசு குடுத்து டிக்கெட் வாங்கோணும், நான் வேண்டியதில்ல. அந்த வயித்தெரிச்சலோடவே போ. பொறவு ராத்திரி தங்கற மாதிரி ராமேசுவரம். பாம்பன்ல புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல தொறந்துட்டாங்க, கப்பலு வந்தா நடுத்துண்டு நேரா மேல ஏறி வழி உடுது. மகனுக்கு டேசன் டேசனாப் போன் பண்ணாத. சேந்துட்டேன்னு ஒண்ணு, கெளம்பிட்டேன்னு ஒண்ணு, போதும். மாத்திரைய மறந்துராத, ஆரு குடுத்தாலும் பிஸ்கட்டத் திங்காத. ஓட்டல்ல ஒத்தையா ஒக்காந்தா எல்லாரும் உன்னையே பாக்கற மாதிரி இருக்கும். ஒருத்தனும் பாக்க மாட்டான், அவனவன் எலையில சட்னி வந்துச்சான்னு பாப்பான்.

அதுக்குப் பொறவுதான் காசி. ரயில்ல வயசானவங்களுக்குக் குடுத்துட்டிருந்த சலுகைய, ஆம்பளைக்கு 40 சதவீதம் பொம்பளைக்கு 50, 2020 மார்ச்சுல நிறுத்திட்டாங்க. அதுக்குத் திட்டறதுன்னா சொல்லு, நானும் கூடச் சேந்துக்கறேன். ஆனா ஒண்ணு வெச்சிருக்காங்க. 60 வயசு ஆம்பளை, 45 வயசு பொம்பளை, ஒத்தையாவோ ரண்டு பேராவோ டிக்கெட் போட்டா, கீழ்ப்படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு. கூட்டம் சேத்துட்டுப் போறவனுக்கு அது கெடையாது. பேரன் போன்லயே போட்டுத் தர்றேம்பான், வேண்டாம்னு சொல்லிரு. முன்பதிவு 60 நாளைக்கு முந்தி, காத்தால 8 மணிக்குத் தொறக்குது. திருப்பூரு டேசனுக்கு நீயே போயி, பாரத்த உங்கையாலயே எழுதிக் குடு. கொஞ்சம் வெள்ளனவே போயிரு சாமி, அந்த வரிசையில மொதலாளின்னு உன்ன ஆரும் முன்னால உட மாட்டாங்க.