முள் நீக்கி வேதம் வாசிப்பது எப்படி?

அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் தேர்தலுக்கு நிற்கப் போகிறீர்களா? அல்லது அங்கே பெரிய சபை ஒன்றுக்குப் போதகராகப் போகிறீர்களா? எதுவானாலும், தடையற்ற சந்தை, குறைந்த வரி, தோண்டத் தோண்டப் பெட்ரோல் ஆகிய மூன்றும் பரலோகத்திலிருந்தே இறங்கியவை என்று நிரூபிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கவலை வேண்டாம், இந்த வித்தைக்குக் குருமார்கள் உண்டு.

முதல் வணக்கம் ஜேம்ஸ் ஃபைஃபீல்டுக்கு. லாஸ் ஏஞ்சலிஸில் வசதிபடைத்த சபை ஒன்றின் போதகர். ‘கோடீஸ்வரர்களின் அப்போஸ்தலர்’ என்று பட்டப்பெயர். 1930களில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் நலத்திட்டங்களைப் பார்த்துப் பெருமுதலாளிகள் பதறிக்கொண்டிருந்தபோது, அரசு பெருத்தால் ஆன்மா மெலியும் என்று போதித்தார். காணிக்கை குவிந்தது. வேதத்தை மீன் சாப்பிடுவது போல முள்ளை எடுத்துவிட்டு வாசிக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. இந்தத் துறையில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

சந்தையில் தொடங்குங்கள். மத்தேயு 20இல் திராட்சத் தோட்டக்காரர் தன் பணத்தைத் தன் விருப்பப்படி கொடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்கிறார் அல்லவா? தனிச்சொத்து, ஒப்பந்தம் இரண்டும் அதிலேயே கிடைத்துவிட்டன. ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுத்தாரே என்று யாராவது கேட்டால், அது கிருபையைப் பற்றிய உவமை, பொருளாதாரம் அல்ல என்று சொல்லிவிடுங்கள். ஆதிசபையார் உடைமைகளைப் பொதுவில் வைத்ததை எடுத்துக்காட்டினால், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்த அனனியாவிடம் உடனே தாவுங்கள்: விற்கும்வரை நிலம் அவனுடையதே என்று பேதுருவே ஒப்புக்கொள்கிறார். ஐம்பது ஆண்டுக்கொருமுறை நிலத்தைப் பழைய குடும்பங்களுக்கே திருப்பித் தரச் சொல்லும் லேவியராகமம் 25 பக்கம் மட்டும் போகாதீர்கள். பெரிய முள்.

வரிக்கு 1 சாமுவேல் 8 போதும். ராஜா வந்தால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரிக்கிறார். பத்து சதவீதமே கொடுங்கோன்மை என்றால் இன்றைய வருமான வரியை என்னவென்று சொல்வது! கேட்பவர்கள் கொதித்திருக்கும்போதே தசமபாகக் காணிக்கைத் தட்டை அனுப்பிவிடாதீர்கள். இடையில் ஒரு பாட்டாவது பாடுங்கள். மனமுவந்து கொடுப்பது வேறு, பிடுங்கப்படுவது வேறு என்ற பதில் உங்களிடம் இருக்கிறது. அது வெறும் சமாளிப்பும் அல்ல. இந்தச் சபைகளில் பலர் உண்மையாகவே அள்ளிக் கொடுப்பவர்கள். வரி கட்டச் சொல்லும் ரோமர் 13ஐ ராணுவச் செலவு பற்றிப் பேசும் வாரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். போதகர்களின் வீட்டுச் செலவுப்படிக்கு மத்திய வருமான வரி கிடையாது, அதே வீட்டுக் கடனின் வட்டிக்கு வரிக்கழிவும் கேட்கலாம் என்ற சலுகையைப் பற்றி மேடையில் மூச்சு விடக்கூடாது.

எரிசக்திக்கு வந்தால், சபைக்கும் எண்ணெய்க்கும் உறவு பழையது. 1910இல் தொடங்கி அடிப்படைவாதக் கோட்பாடுகளை அச்சிட்டு இலவசமாக வாரி வழங்கியது யூனியன் ஆயில் அதிபர் லைமன் ஸ்டூவர்ட்டின் பணம். 1956இல் ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழுக்குக் கைகொடுத்தவர் சன் ஆயிலின் ஹோவர்ட் பியூ. வசனம் வேண்டுமா? பூமி உள்ளவரை பருவங்கள் ஓயாது என்ற ஆதியாகமம் 8இன் வாக்குறுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் அதைக் காட்டித்தான் மனிதனால் பருவநிலையை மாற்ற முடியாது என்றார். 2015 பிப்ரவரியில் பனியுருண்டை ஒன்றைச் செனட் சபைக்கே கொண்டுவந்து வீசினார். மலிவான மின்சாரம் இல்லாமல் ஏழை நாடுகள் எழ முடியாது என்று சுவிசேஷ அமைப்பான கார்ன்வால் கூட்டணி முன்வைக்கும் வாதத்துக்கு மட்டும் கனம் உண்டு, அதைக் கடைசியில் வையுங்கள். 2006இல் போதகர் ரிக் வாரன் உட்பட 86 சுவிசேஷத் தலைவர்கள் பருவநிலை மாற்றத்தைத் தடுக்கச் சொல்லிக் கையெழுத்திட்டதை மறந்துவிடுங்கள்.

முள்ளோடு சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அலபாமாவைப் பாருங்கள். அங்கே நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 4,600 டாலர் சம்பாதித்தாலே மாநில வருமான வரி கட்ட வேண்டியிருந்தது. காட்டு நிலம் வைத்திருந்தவர்களுக்கோ சொத்து வரி மிகக் குறைவு. ஏழைகளை இப்படி வதைப்பது வேதத்துக்கு விரோதம் என்று சட்டப் பேராசிரியர் சூசன் பேஸ் ஹாமில் எழுதினார். ஆளுநர் பாப் ரைலி குடியரசுக் கட்சிக்காரர், சதர்ன் பாப்டிஸ்ட். ஏழைகளைக் காப்பது கிறிஸ்தவக் கடமை என்று சொல்லி, வசதியானவர்கள் மீது பாரத்தை மாற்றும் 120 கோடி டாலர் வரித் திட்டத்தை 2003இல் கொண்டுவந்தார். தேசிய கிறிஸ்தவக் கூட்டமைப்பு ஆதரித்தது. அதன் அலபாமா கிளை எதிர்த்து வேலை செய்தது. செப்டம்பர் 9 வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள்.

அலபாமா மாநிலம் மளிகைப் பொருள்கள் மீது போட்டிருந்த 4 சதவீத விற்பனை வரி, 3 சதவீதமாகக் குறைய 2023 செப்டம்பர் வரை ஆனது.