அம்பத்தூரில் மூடுங்கள்

கேள்வி: ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை தினமும் ரயிலில் படிக்கிறேன். அடிக்கோடு போட்டும் மறுவாரம் எதுவும் நினைவில் இல்லையே?

பதில்: அடிக்கோடு தாளோடு நின்றுவிடுகிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆகவே அம்பத்தூரில் புத்தகத்தை மூடுங்கள், கொரட்டூர் வருவதற்குள் படித்ததை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். நெரிசலில் பேனா எடுக்க முடியாதே என்பீர்கள். நினைத்துப் பார்க்கக் கை எதற்கு? அப்படியானால் குறிப்பே வேண்டாமா? வேண்டும். எத்தனையோ பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்த உ.வே.சாமிநாதையரே, மேற்கோள் எந்த நூலில் வருகிறது என்று குறித்து வைத்துத்தான் பதிப்பு வேலை செய்தார். இரவு வீட்டில் நான்கு வரி, பார்க்காமல் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சேருங்கள்.