பிரமுகர் பார்வையிடுகிறார்

காண்டல், கருதல், உரை என்று அறிவுக்கு மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்தப் பெரியார்கள் வகுத்து வைத்தார்கள். அவற்றுள் கண்ணால் காண்பதாகிய காண்டலுக்கே முதலிடமும் கொடுத்தார்கள். மோட்டார் கார் என்னும் வாகனம் அக்காலத்தில் இல்லாமையால், அதன் கண்ணாடி வழியாகக் காண்பது எந்த அளவையில் அடங்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே பார்வையிடும் பிரமுகர் இவ்வுலகில் அவதரித்திருக்கிறார்.

பத்திரிகைச் செய்தியில் இவருக்கு நம்பிக்கை கிடையாது. அதிகாரிகளின் அறிக்கையிலும் கிடையாது. எதையும் நேரில் போய்ப் பார்த்தாலன்றி ஒப்புவதில்லை என்பது இவருடைய விரதம். விரதம் உத்தமமானதுதான். ஆனால், இவர் விஜயம் செய்யப் போகும் சங்கதி பத்து நாள் முன்னதாகவே தாலுகா கச்சேரியிலிருந்து கிராம முன்சீபுக்கும், முன்சீபிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும், அவரிடமிருந்து தலையாரிக்கும் படிப்படியாக இறங்கி வந்துவிடுகிறபடியால், இவர் பார்க்க வேண்டிய வஸ்து இவர் வந்து சேருவதற்குள் வேறொரு வஸ்துவாக மாறிவிடுகிறது. குண்டும் குழியுமான ரஸ்தாவில் செம்மண் விழுகிறது. பள்ளிக்கூடச் சுவரில் சுண்ணாம்பு ஏறுகிறது. முந்திய நாள் அந்தியில் வேரின்றி நட்டுவைத்த வேப்பங்கிளைகள் மறுநாள் மத்தியானம் வரையிலாவது வாடாமல் இருக்க வேண்டுமே என்று முன்சீப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் நேர்ந்துகொள்கிறார்.

இத்தகைய பிரமுகர் ஒருவர் எங்கள் பக்கம் வந்தபோது, அவருடைய பரிவாரத்தோடு மூன்று ஊர்களுக்கும் நான் போயிருந்தேன். ஆகவே இனிச் சொல்லப்போவது உரை அளவையன்று, காண்டல். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு என்று சொல்லத்தக்கவை நான்கே. பிரமுகர் அவற்றைப் பார்த்துத் திருப்தியடைந்து, மிராசுதார் வீட்டில் சிற்றுண்டி அருந்தப் போனதும், அந்த நான்கு பெஞ்சுகளும் மாட்டுவண்டியில் ஏறிக் குறுக்குவழியாக அடுத்த ஊருக்குப் புறப்பட்டன. அங்கேயும் அவர் அவற்றைப் பார்த்தார், திருப்தியும் அடைந்தார். மூன்றாவது ஊரில், ஒரு பெஞ்சின் மேல் மாங்காய் வடிவத்தில் படிந்திருந்த மைக்கறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எந்த ஊர்ப் பையனும் மையை ஒரே மாதிரிதான் கொட்டுகிறான், மனித சுபாவம் எங்கும் ஒன்றே என்று மிக்க உருக்கத்தோடு கூறினார். காரியதரிசி அதைக் குறித்துக்கொண்டார்.

அதே ஊரில்தான் அந்தக் கிழவியும் வந்தாள். கும்பிட்ட கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள், “சாமி...” என்று வாயெடுப்பதற்குள், பிரமுகர் அவள் தோளில் கை வைத்து, “எல்லாம் என் கவனத்தில் இருக்கிறது, பாட்டி, ஆவன செய்கிறேன்” என்றார். கிழவி மறுபடியும், “இல்லை சாமி...” என்றாள். “கட்டாயம் செய்கிறேன்” என்றார் பிரமுகர். அவர் காரில் ஏறிய பிறகே, அவள் வாசலில் துணி விரித்துக் காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் அவர் அத்தனை நேரமும் நின்றிருந்தார் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

திரும்புகாலில், கொஞ்சம் துணிந்து, காந்தியடிகளைப் பற்றிப் பிரஸ்தாபித்தேன். 1916-ஆம் ஆண்டு லக்னோ காங்கிரஸில், ராஜகுமார் சுக்லா என்ற குடியானவர் சம்பாரண் அவுரிச் சாகுபடிக்காரர்களின் துயரத்தைச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரும்படி வேண்டியபோது, கண்ணால் பாராமல் அபிப்பிராயம் கூறுவதற்கில்லை என்று அடிகள் மறுத்தார். சம்பாரண் என்ற பெயரையே தாம் அதுவரை அறிந்திருக்கவில்லை என்று பின்னாளில் தம் சரிதையில் ஒளியாமல் எழுதியும் வைத்தார். மறு வருஷம் ஏப்ரலில் அங்கே போனவர், குடியானவர்கள் ஒவ்வொருவராகச் சொல்வதை வக்கீல்களைக் கொண்டு குறுக்கு விசாரணை செய்வித்து எழுதச் செய்தார்; ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் கூடவே இருந்து கேட்டுக்கொண்டிருந்ததையும் பொருட்படுத்தவில்லை. ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் சேர்ந்தன. இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கில் துரைமார்களுக்காக அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்றிருந்த ‘தீன்கட்டியா’ முறை 1918-இல் சட்டத்தினாலேயே ஒழிந்தது. இவ்வளவையும் சொல்லி, ஒரு கிராமத்துக்குப் புறப்பட்டபோது அவர் யானைமேல் ஏறிப் போனார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பிரமுகர் கண்ணை மூடிச் சற்று யோசித்தார். “யானை நல்லதுதான். ஆனால் ஒரே நாளில் மூன்று ஊர் ஆகுமா?” என்று கேட்டார்.

அடுத்த வாரம் பட்டணத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில், பெஞ்சு இல்லாத பள்ளிக்கூடமே இந்தத் தாலுகாவில் இல்லை என்பதைத் தாம் கண்ணாரக் கண்டதாக அவர் பேசினார். கரகோஷம் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. அவருடைய சுற்றுப்பிரயாணத்தோடு ஊர் ஊராகப் போன எங்கள் பெஞ்சுகள் நான்கும் இந்தத் தேதி வரையில் திரும்பி வரவில்லை. பையன்கள் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.