அமெரிக்கா போகமுந்தி அலுமாரியைத் திற

வா தம்பி, இரு. உன்ர முகத்தைப் பாத்தாலே தெரியுது, யூரியூப்பில ஆரோ புதுக் குருவைப் பிடிச்சிட்டாய். என்ன தொழிலாம்? அமெரிக்காவில வீட்டு வரி கட்டாத ஆக்களின்ர வீட்டை ஏலம் போடுவினமாம். வரியை எடுத்தது போக மிஞ்சிற காசு கேக்க ஆளில்லாமல் கிடக்குமாம். நீ வெள்ளவத்தையில, ஏழாம் மாடியில, லப்டொப்பை மடியில வைச்சுக்கொண்டு அந்த வீட்டுக்காரனைத் தேடிப் பிடிப்பியாம். "ஐயா, உங்கட காசு கிடக்கு" எண்டு சொல்லி மூண்டிலொரு பங்கை அமத்திக்கொள்ளுவியாம். இதைப் படிப்பிக்க அவர் டொலரில காசு கேக்கிறாராம்.

நல்லது ராசா. ஒண்டே ஒண்டு கேக்கிறன். கேக்க ஆளில்லாமல் அவ்வளவு காசு கிடந்தால், அந்த மனிசன் அதை அள்ளாமல் உனக்கு ஏன் வகுப்பெடுத்துக் கொண்டிருக்கிறார்?

முழுக்கப் புழுகு எண்டும் சொல்லமாட்டன். அடியில ஒரு உண்மை கிடக்கு. மினியாபொலிஸ் நகரத்தில ஜெரால்டின் டைலர் எண்டொரு கிழவி. 1999 இல சின்னதா ஒரு தொடர்மாடி வீடு வாங்கினவ. 2010 இல வயசுபோன ஆக்கள் இருக்கிற இடத்துக்கு மாறிப் போனா. பழைய வீட்டின்ர வரியைக் கட்டாமல் விட்டிட்டா. வரி 2,300 டொலர்தான். அதுக்கு மேல வட்டி, தண்டம், செலவு எண்டு 13,000 டொலர் அளவில ஏறிச்சுது. வட்டி குட்டி போடுறது அங்கேயும் அப்பிடித்தான் கண்டியோ. ஹெனபின் கவுண்டி வீட்டை எடுத்து 40,000 டொலருக்கு வித்தது. கடன் 15,000. மிச்சம் 25,000. அது ஆருக்குப் போச்சுது? கவுண்டிக்குத்தான். கிழவிக்கு ஒரு சதமும் இல்லை. கேட்டால், எங்கட மாநிலச் சட்டம் அப்பிடி எண்டு சொல்லிச்சினம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் மட்டும் போச்சுது. 2023 மே 25 இல ஒன்பது நீதிபதிமாரும் ஒரே குரலில சொன்னினம்: கடனுக்கு மேல எடுத்தது பிழை. அப்ப கிழவிக்கு 94 வயசு. இதுக்கு ஒன்பது பேர் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு குந்தவேணுமோ? கொட்டாஞ்சேனைச் சந்தையில மீன் விக்கிற மனிசியிட்டை ஆயிரம் ரூபாத் தாளை நீட்டிப் பார். மீனை வெட்டிக் கையில தந்து, மிச்சத்தையும் எண்ணித் தருவா. அவவுக்கு ஆர் சட்டம் படிப்பிச்சது?

உன்ர குரு உனக்குச் சொல்லாத கதை இன்னொண்டு இருக்கு. அவர் "ரகசியப் பட்டியல்" எண்டு விக்கிற சாமானில கனக்க, ஆரும் பாக்கக் கூடிய பதிவேடுதான். அங்கத்தை மாநிலங்கள் கேட்பாரில்லாத காசுக்கெண்டு தேடுற பக்கம் வைச்சிருக்கு. பேரை அடிச்சால் சும்மா காட்டும். கேட்டு வாங்கிறதுக்கும் கட்டணமில்லை. தேடிக் குடுக்கிறவன் அளவுக்கு மிஞ்சி எடுக்கக் கூடாதெண்டு சட்டம் போட்ட இடங்களும் உண்டு. கலிபோர்னியாவில மாநிலத்திட்டை இருக்கிற கேட்பாரில்லாத காசுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல வாங்கேலாது. அப்ப உன்ர மூண்டிலொரு பங்கு எங்க போச்சுது? மினக்கெட்டுத் தேடாதவன்ர சோம்பேறித்தனம்தான் தரகனுக்குச் சம்பளம்.

அதை விடு. உன்ர அம்மம்மாவின்ர அலுமாரியை எப்பவாவது திறந்து பாத்தனியோ? கீழ்த்தட்டில, பழைய கூறைச் சேலைக்குக் கீழ, ரப்பர் வளையம் போட்டுக் கட்டின பாங்குப் புத்தகம் ரெண்டு மூண்டு கிடக்கும். ஓமோ இல்லையோ? 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் இருந்து எத்தினை சனம் உடுத்த உடுப்போட போனது! லண்டன், றொறன்ரோ, பாரிஸ். பாங்கில கிடந்த காசை எடுக்க ஆருக்கு நேரம் இருந்தது?

இப்ப கேள். எங்கட நாட்டில 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. ஒரு கணக்கில பத்து வருசமா ஒருத்தரும் கை வைக்காட்டி அது கைவிடப்பட்ட சொத்து எண்டு கணக்கு. பாங்கு அதை மத்திய வங்கிக்கு அனுப்பவேணும். அதுக்காகக் காசு செத்துப் போச்சுதோ? இல்லை மோனை. உரிய ஆளோ, உரித்துள்ள பிள்ளையளோ போய்க் கேக்கலாம். கோட்டைக்குப் போய் மத்திய வங்கி வாசலில நிக்கவேண்டாம். கணக்கு இருந்த பாங்கிட்டையே போகவேணும். அவங்கள்தான் அங்கயிருந்து எடுத்துத் தருவாங்கள். பாங்கு கடைசியா அறிஞ்ச விலாசத்துக்குக் கடிதம் போட்டும் இருக்கும். அந்த விலாசத்தில இப்ப எட்டு மாடிக் கட்டிடம் நிக்குது. கடிதம் காவலாளியின்ர மேசையில கிடந்து மஞ்சளாப் போயிருக்கும்.

பாங்கும் பேர் மாத்தும், தெரியுமோ? பழைய கிரின்ட்லேஸ் பாங்கை 2000 ஆம் ஆண்டு ஸ்ராண்டர்ட் சார்ட்டர்ட் வாங்கிச்சுது. கிரின்ட்லேஸ் புத்தகத்தைக் கையில வைச்சுக்கொண்டு காலி வீதி முழுக்க அந்தப் பேர்ப்பலகையைத் தேடினால், கால்தான் நோகும்.

இப்பிடிக் கிடக்கிற காசைத் தேட இந்தியாவில ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில உத்கம் எண்டொரு இணையப் பக்கம் திறந்தது. பேரைக் குடுத்துக் கனக்க வங்கியளில ஒரே தரத்தில தேடலாம். நல்ல அலுவல். எண்டாலும் பேர் சரியா இருந்தாலெல்லோ தேடுறது? எங்கட ஆக்களின்ர பேரை எடு. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில ஒரு எழுத்து. அடையாள அட்டையில இன்னொண்டு. பாங்கில இங்கிலீசில, அண்டைக்கு இருந்த கிளாக்கருக்கு வாயில வந்தபடி. கனடாவில தகப்பன்ர பேர் முன்னுக்கு, மகன்ர பேர் பின்னுக்கு. செத்த மனிசன் ஒருத்தர். கடதாசியில நாலு பேர். இந்த நாலும் ஒருத்தர்தான் எண்டு நிறுவ, சத்தியக் கடதாசி, மரண அத்தாட்சிப் பத்திரம், கலியாண எழுத்து, கிராம சேவகரின்ர கடிதம், வெளிநாட்டில இருந்தால் அற்றோணித் தத்துவம். தொகை பெரிசெண்டால் மரணசாதன வழக்கும் வைக்கவேணும். கொச்சிக்கடை அந்தோனியார் காணாமல் போனதைக் காட்டித் தருவார் எண்டு சைவக்காரரும் செவ்வாய்க்கிழமையில மெழுகுதிரி கொளுத்தினம். கொளுத்தட்டும். ஆனால் படிவம் நிரப்ப அவர் வரமாட்டார்.

இவ்வளவு சோலியும் ஒரு கையெழுத்தில குறைஞ்சிருக்கும். நான் இல்லாட்டி இன்னாருக்குக் குடு எண்டு கணக்கில ஒரு பேரைக் குறிச்சு வைக்கலாம். அந்தப் பெட்டியை எங்கட கிழடுகள் வெறுமையா விட்டிடும். ஏன்? பேர் எழுதினால் கெதியாச் செத்துப்போவினமாம். எழுதாமல் விட்டவை மட்டும் எழும்பி நிக்கினமோ?

சரி, எவ்வளவு கிடைக்கும் எண்டு கண்ணை விரிக்கிறாய். ஆற்றில போட்டாலும் அளந்து போடு. 1983 இல டொலர் 24 ரூபா அளவில. அண்டைக்குப் பத்தாயிரம் ரூபா எண்டால் 400 டொலருக்கு மேல. இண்டைக்கு 300 ரூபாக் கணக்கில அதே பத்தாயிரம் 33 டொலர். வட்டி கொஞ்சம் ஏறியிருக்கும், ஓம். ஆனால் 2022 இல மார்ச் தொடக்கத்தில 200 ஆக இருந்த டொலர் மே மாதம் 360 க்குப் போச்சுதே, அதை எந்த வட்டி பிடிக்கும்? 33 டொலர் எடுக்க றொறன்ரோவில இருந்து பிளேன் ஏறி வராதை. வேற அலுவலா வரேக்க பாத்துக்கொள்.

புத்தகக் காசை விடப் பெரிசு வேற இடத்தில கிடக்கும். ஊழியர் சேமலாப நிதி. 1958 இல இருந்து இருக்கு. சம்பளத்தில உன்ர பங்கு நூற்றுக்கு எட்டு, முதலாளியின்ர பங்கு பன்னிரண்டு. ஆம்பிளையள் 55 இல, பொம்பிளையள் 50 இல எடுக்கலாம். கொட்டாஞ்சேனையில கடைக்குக் கடை மாறி வேலை செய்தவனுக்கு ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு இலக்கம். கடைசி இலக்கத்துக் காசை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்திடுவான். மற்றது அப்பிடியே கிடக்கும். உன்ர கொப்பா எந்தெந்தக் கடையில நிண்டவர் எண்டு உனக்குத் தெரியுமோ? உன்ர குருவின்ர நாய்க்கு என்ன பேர் எண்டு தெரியும், இது தெரியாது. நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில கேட்டுப் பாக்கலாம்.

ஏலத்தில மிஞ்சிற காசு வேணுமெண்டாலும் அமெரிக்கா ஏன்? ஈடு வைச்ச வீட்டை வழக்கில்லாமல் ஏலம் போட, 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் எங்கட பாங்குகளுக்கு அதிகாரம் குடுத்திருக்கு. பராட்டே எண்டு பேப்பரில வருமே, அதுதான். கடையள் விழுந்து போச்சுதெண்டு 2024 இல அதைக் கொஞ்சக் காலம் நிப்பாட்டியும் வைச்சவை. அந்தச் சட்டத்திலயே இருக்கு: கடனும் செலவும் கழிச்சால் மிச்சம் கடன்காரனுக்கு. வீடு போன வெக்கத்தில மனிசன் ஊர் மாறிப் போயிடுவான். கணக்குக் கேக்கமாட்டான். வீட்டை இழந்தவன் மிச்சத்தையும் ஏன் இழக்கவேணும்? எழுத்தில கேள். ஏலம் எவ்வளவுக்குப் போனது, கடன் எவ்வளவு, செலவு எவ்வளவு எண்டு. எண்ணிச் செய்யிறவன் செட்டி, எண்ணாமல் செய்யிறவன் மட்டி.

ஒரு விசயத்தில மட்டும் நான் பகிடி விடமாட்டன். 2025 மே மாதம், போர்க் காலத்தில வன்னியில எடுத்த நகையளை இராணுவம் பொலிசிட்டைக் குடுத்தது. அதில கனக்க, சனம் புலிகளின்ர வைப்பகத்தில அடைவு வைச்ச தாலிக்கொடியும் காப்பும். அடைவுத் துண்டை வைச்சிருக்கிறவனுக்குக் குடுக்கலாம். துண்டைக் காவிக்கொண்டு முள்ளிவாய்க்கால் தாண்டினவன் எத்தினை பேர்? அதுக்கு ஒரு நேர்வழி கண்டுபிடிக்கிறது அரசாங்கத்தின்ர கடமை. அந்தச் சனத்திட்டையும் நூற்றுக்கு முப்பது கேட்டுக்கொண்டு ஒரு தரகர் வருவார், பார். வந்தால் படியால இறக்கிவிடு.

கடைசியா ஒண்டு. கேட்பாரில்லாத காசு வேணுமெண்டு நிக்கிறாய், இந்தா உன்ர வாசலிலயே கிடக்கு. கொழும்பு மாநகர சபைக்கு வருசத்துச் சோலைவரியை முழுக்க ஜனவரி 31 க்கு முதல் கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிச்சு விடுவினம். காலாண்டுக் காசை அந்தக் காலாண்டின்ர முதல் மாதத்துக்குள்ள கட்டினால் அஞ்சு. குரு வேண்டாம், கொமிசன் வேண்டாம், ஒருத்தரும் சாகவும் வேண்டாம். போன வருசம் உங்கட வீட்டு வரியை அம்மா எத்தினையாம் மாதம் கட்டினவ எண்டு கேட்டுக்கொண்டு வா, பேந்து அமெரிக்காவைப் பற்றிக் கதைப்பம்.