மணிக்கட்டியல்: குடும்ப நாவல் நாயகனின் பிடி குறித்து ஓர் ஆய்வு

தமிழ்க் குடும்ப நாவலின் நாயகன் மூவகைப்படுவான்: கோபக்காரப் பணக்காரன், பணக்காரக் கோபக்காரன், வெளிநாட்டிலிருந்து திரும்பியவன். மூன்றாமவன் முதலிரண்டில் அடங்குவான் என்பாரும் உளர். நூற்றுக்கு மேல் நாவல் எழுதிய ரமணிசந்திரன் காலத்தில் வெறும் நாயகனாக இருந்தவன் இப்போது 'ஆன்டி ஹீரோ' பட்டம் பெற்றுள்ளான்.

உயரம்: ஆறடி.

ஈர்ப்பு: மின்சாரம் பாயும். எத்தனை வோல்ட் என்று மூலத்தில் குறிப்பில்லை.

மணிக்கட்டைப் பற்றுதலே விரிவான ஆய்வுக்குரியது. நாயகி கோபித்து வாசலை நோக்கித் திரும்புவாள், நாயகன் பிடிப்பான், வளையல் நொறுங்கும். 'விடுங்க' என்பாள். தொல்காப்பியர் எட்டாக வகுத்த மெய்ப்பாடுகளில் அச்சம், வெகுளி, உவகை மூன்றும் இங்கு ஒரே பத்தியில் நெருக்கியடித்து நிற்கும். வாடகை நூலகப் பிரதியில் இவ்விடத்துக்கு இரண்டு பழைய உரைகள் உள. பென்சில் உரைகாரர் 'சூப்பர்' எனப் பொழிப்புரை தருவார். நீலமை உரைகாரர் அதை மறுத்து, 'செருப்பு' என்று ஒரே சொல்லில் உரை வகுப்பார். இருவரையும் இணக்க வந்த சிவப்பு மையார், 12-ஆம் பக்கத்துச் செருப்பை 140-ஆம் பக்கத்துக் 'கழற்றினாள்' என்பதோடு கூட்டிப் பொருள்கொள்வார். எட்ட நின்ற சொற்களைக் கூட்டியவர்தாம் நச்சினார்க்கினியரும்; இன்றைய முனைவர் பட்டங்கள் இன்னும் எட்டப் போயிருக்கின்றன. பக்கம் கிழிந்த பிரதிகளில் மூலபாடமே இல்லை. ஆய்வாளர்கள் ஒருமனப்படுவது அங்கேதான்.

இப்பிடி, 1919-இல் இ. எம். ஹல் எழுதிய 'தி ஷேக்' வழி வந்தது என்பர் ஒரு சாரார். அதில் நாயகன் நாயகியைக் கடத்தியே போகிறான். சங்கச் சொத்து என்பர் மறுசாரார்; கபிலரைச் சாட்சிக்கு அழைப்பர். தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். அங்கே கபிலர் குன்று. ஆனால் கபிலரின் குறிஞ்சிப்பாட்டுத் தலைவன் முதலில் பணிவாகப் பேசுகிறான். மதயானையை அம்பெய்து விரட்டிய பிறகே நெருங்குகிறான். நாவலில் களிறு போய்விட்டது. பிடி மட்டும் மிஞ்சியது.

கள ஆய்வுக்கு உகந்தது, அதே ஆற்றில் திருக்கோவிலூருக்கு மேலே நடக்கும் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா. தை 5-ஆம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கு எழுந்தருள்வார்; ஆற்று மணல் தெரியாத கூட்டம். அந்நெரிசலில் முன்பின் அறியாத பெண்ணின் மணிக்கட்டைப் பற்றுவோனுக்கு ஆறடி உயரமோ கூரிய பார்வையோ துணைவாரா. முதல் உரை கூட்டத்தாருடையது. பெரும்பாலும் நீலமையாரைத் தழுவியது. அடுத்த உரை பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 74. மானபங்க நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை, அபராதம் தனி.