கோடி போன ஏரியும் ஆயிரமடி போரும்

பென்னாகரம் பக்கம் மானாவாரிச் சீமையில் பிறந்தவன் நான். கேழ்வரகு, சாமை, நிலக்கடலை இவைதான் எங்கள் வெள்ளாமை. மழை எப்போது வேண்டுமானாலும் கைவிடும் என்று தெரிந்ததால், ஊர்ப் பெரியவர்கள் ஏரியை உயிராகக் காத்தார்கள். ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் ஊரே கரையில் திரண்டு பொங்கல் வைக்கும். கோடையில் நீர் வற்றியதும் வண்டி கட்டி வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். வயலுக்கு உரம் கிடைக்கும், ஏரிக்கு ஆழம் கூடும்.

கிணற்றில் அப்பா விடியுமுன் கவலை பூட்டுவார். மாடுகள் சரிவில் இறங்க, வடம் விறைத்து, தோல் சால் மேலேறி வந்து தொட்டியில் கவிழும். வெயில் ஏறி மாடு களைத்தால் அவிழ்த்துவிடுவார். மறுநாள் விடிவதற்குள் ஊற்று சுரந்து கிணறு பழைய மட்டத்துக்கு வந்துவிடும். ஊறியதற்கு மேல் இறைக்க வழியே இல்லை. அந்தப் பாடு திரும்ப வரவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். மாட்டுக்கும் மனிதருக்கும் அது கொடுமை. ஆனால் அந்த அளவு நல்ல அளவு.

மோட்டார் வந்தபோது முதுகு நிமிர்ந்தது. மின்சாரம் இலவசமானதும் மோட்டாரை நிறுத்தவே மறந்தோம். கிணறு வற்றியது, ஆழ்துளை போடத் திருச்செங்கோட்டுப் போர் வண்டி வந்தது. இரவெல்லாம் அது இரைய, வெள்ளைப் பாறைமாவு வேப்பிலைமேல் படிந்தது. ராடு ராடாக இறக்கிக்கொண்டே போனார்கள். தண்ணீர் பீறிட்டபோது ஆளுக்கு ஆள் கையெடுத்துக் கும்பிட்டோம். அடுத்த தோட்டத்துக்காரர் அதைவிட ஆழமாகப் போட்டார். இன்று ஆயிரம் அடி போட்டும் வெறும் புகை வருகிற தோட்டங்கள் உண்டு. ஏரியிலோ சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

ஆழத்துத் தண்ணீர் தனியாக வருவதில்லை. எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. நீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கினால் ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்ளும். மேலிருந்து புதுமழை இறங்கிக் கலந்தால் அதன் வீரியம் குறையும், இறங்காவிட்டால் கூடும். பாறை நமக்கு முன்பே இருந்தது, சில ஊர்க் கிணறுகளில் அந்தக் குறையும் முன்பே இருந்தது. மழைநீர் இறங்கும் வழியை அடைத்துவிட்டு ஆழத்தையே நம்பி நாம் அதைப் பெருக்கிக்கொண்டோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைக் குடிக்கக் கூடாது. மீறினால் முளைக்கும் பல்லிலேயே பழுப்புக் கறை ஏறும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த பிள்ளை, புகைப்படம் எடுக்கும்போது உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். போர் போட்டது நாங்கள், கறை விழுந்தது அந்தப் பிள்ளையின் பல்லில்.

இதற்கு மருந்தாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல், 2013இல் திறப்பு, ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி குழாயில் வருகிறது. அது இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருப்பார்கள்! அந்தத் திட்டத்துக்காகக் குரல் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் குழாய் வந்ததால் நம் கடமை தீர்ந்துவிடவில்லை. காவிரியும் மழையை நம்பி ஓடுகிற ஆறுதான். அதன் கரைநெடுகத் தாகத்தோடு மக்கள் இருக்கிறார்கள். குழாய் நிற்கிற நாளில் குடம் போர்க்கிணற்றுக்குத்தான் போகிறது.

வெட்டியவர் பெயர்கூடத் தெரியாத ஏரியின் நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். தாங்கள் பார்க்கப்போகாத பேரப்பிள்ளைகளுக்காக அவர்கள் அதை வெட்டினார்கள். நாமோ நம் பேரப்பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து உறிஞ்சிவிட்டோம். அதைத் திருப்பித் தருவது தர்மம் அல்ல, கடன். ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால்களை அடைத்த வேலிகளை நாமே பிடுங்க வேண்டும். குப்பைக்குழியாகிவிட்ட பழைய கிணறுகளைச் சுத்தம் செய்து, கூரைநீரையும் காட்டுநீரையும் வடிகட்டி உள்ளே இறக்க வேண்டும். எந்தப் போர்க்கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்காமல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. அடுத்த போருக்கு முன்பணம் கொடுக்கப்போகும் ஒவ்வொருவரும், முதலில் மழைக்குத் தம் நிலத்தில் ஒரு குழி வெட்டட்டும்.